உளவியல் மேற்படிப்பு: விண்ணப்பிக்குமுன் தெளிய வேண்டியவை

பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள் என்பதைத் தமிழ்த்துறை மாணவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பரிசில் பெற்று மீள்வோன், எதிர்ப்படும் வறியோனுக்கு வழியின் இயல்பையும் இடையே நேரும் இடர்களையும் கூறி, இன்னாரிடம் இவ்வாறு செல்க என விடுப்பது அவற்றின் மரபு. இன்று மனத்தளர்ச்சியுற்றோர்க்கு வழிகாட்டும் தொழிலையும் கல்வியாளர் 'ஆற்றுப்படுத்துதல்' என்றே வழங்குகின்றனர். பொருத்தமான பெயர்தான். ஆயினும் அத்தொழிலை நாடும் மாணவர்க்கு வழி சொல்வார் அரியர். மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் தெருவுக்கு ஒருவர் யோசனை கூறுகிறார். "உளவியலில் மேற்படிப்புப் படிக்க விரும்புகிறேன்" என்று ஒரு மாணவி சொன்னாலோ, வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். அவ்வழியைப் பற்றிச் சில செய்திகளை இங்குத் தொகுத்துரைக்க விழைகிறோம்.

இத்துறை நம் நாட்டிற்குப் புதியதன்று. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-இல் உளவியலுக்குத் தனித்துறை அமைந்தபோது, ஹார்வர்டில் பயின்று திரும்பிய என்.என். சென்குப்தா அதன் பொறுப்பை ஏற்றார். மைசூரில் 1924-இல் எம்.வி. கோபாலசுவாமியும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் ஜி.டி. போவாசும் இத்துறையைத் தொடங்கி வளர்த்தனர். நம் மாநிலத்தில் இக்கல்விக்கு எண்பது ஆண்டுகளைக் கடந்த வரலாறு உண்டு.

தேவை எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015–16-இல் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. நோய்க்கு நோய் அளவு வேறுபட்டாலும், மனநோய்க்குச் சிகிச்சை பெற வேண்டியவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் அதனைப் பெறாதிருந்தனர். எண்களை மறப்பவரும் 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாளை மறத்தற்கில்லை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் அன்று விடியற்காலை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாது 28 பேர் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடைசெய்துள்ளது. எனினும் சங்கிலியை அகற்றிய பின்னர் அம்மனிதரின் அருகமர்ந்து அவர் மொழியில் பேசுவதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். அவரைச் சட்டம் உருவாக்கித் தருவதில்லை. கல்லூரி வகுப்பிலிருந்துதான் அவர் புறப்பட்டு வர வேண்டும்.

பெயர் ஒன்று, வழிகள் பல

விண்ணப்பப் படிவத்தைக் கையிலெடுக்குமுன் ஒரு வினாவிற்கு விடை காணவேண்டும். படித்து முடித்தபின் எப்பணியைச் செய்யும் உரிமை நமக்கு வேண்டும்? பாடத்தின் பெயரையும் கல்லூரியின் புகழையும் கட்டணத்தையும் ஆராய்வோர் பலர்; உரிமையை ஆராய்வோர் சிலரே.

மனநல மருத்துவர் என்பார் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநல மருத்துவம் பயின்றவர். மருந்து எழுதித் தருபவர். மருத்துவ உளவியலாளர் அவ்வாறு மருந்து எழுதுவதில்லை. உளச்சோதனைகளால் நோயின் இயல்பை அளந்தறிந்து, முறையான உரையாடல் வழிச் சிகிச்சையளிப்பார். ஆற்றுப்படுத்துநர் பள்ளியிலும் தொண்டு நிறுவனத்திலும் வாழ்க்கைச் சிக்கல்களில் துணைநிற்பார். தொழிற்சாலைகளிலும் நிறுவனங்களிலும் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதற்கும் பயிற்றுவிப்பதற்கும் உதவும் தொழில்சார் உளவியலாளர் உண்டு. ஆய்வையும் கற்பித்தலையும் மேற்கொள்வோர் தனி வகையினர். இவ்வனைவரையும் 'சைக்காலஜிஸ்ட்' என்னும் ஒரே சொல்லால் மக்கள் குறிப்பதனால் குழப்பம் விளைகிறது.

எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. உளவியல் பட்டம் பெற்ற அளவில் ஒருவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிடுவதில்லை. பலர் காலங்கடந்து அறியும் செய்தி இது. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இடம்பெற்றால்தான் அப்பெயரைச் சூடிப் பணியாற்றலாம். அதற்கு மன்றத்தின் ஏற்புப் பெற்ற பயிற்சி வேண்டும். முதுகலைக்குப் பின் ஈராண்டு முழுநேரமாக, மருத்துவமனையில் மேற்பார்வையுடன் பயிலும் எம்.ஃபில். மருத்துவ உளவியலே நெடுங்காலம் அதற்குரிய வாயிலாக இருந்து வந்தது. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், பின்னர் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் அதற்கு வேண்டப்பட்டன.

இங்கே ஒரு மாற்றத்தைக் குறிப்பிடல் இன்றியமையாதது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை சேர்க்கை நடத்த 2024-இல் விலக்களித்தது. ஆகவே மூத்த மாணவர் சென்ற வழியை அப்படியே பின்பற்றலாம் என எண்ணுதல் தவறு. எந்தப் பட்டத்திற்கு, எந்த நிறுவனத்திற்கு, எந்த ஆண்டு வரை ஏற்பு உண்டு என்பதை மறுவாழ்வு மன்றம் வெளியிடும் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் விளம்பரத் தாளை இதற்குச் சான்றாகக் கொள்ளுதல் ஆகாது.

அஞ்சல்வழிக் கல்வி பற்றியும் ஒரு சொல். உழைத்துக்கொண்டே பயில்வோர்க்கு அது வரமாக இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2021-ஆம் ஆண்டின் துணைமருத்துவ, உடல்நலத் தொழிலாளர் ஆணையச் சட்டத்துள் உளவியலும் அடங்குவதால், 2025 கல்வியாண்டு முதல் அஞ்சல்வழியாகவும் இணையவழியாகவும் உளவியல் பட்டங்களில் புதிய சேர்க்கை நடத்தலாகாது என மானியக் குழு பணித்துவிட்டது. 'வீட்டிலிருந்தே உளவியல் முதுகலை' என்று எவரேனும் பணம் கேட்டால், மாணவரும் பெற்றோரும் இதனை நினைவிற் கொள்க.

கணக்கிற்கு அஞ்சுவோர்

கணக்கு வராது என்பதனால் கலைப்பாடத்தை நாடுவோர் உண்டு. அவர்கள் உளவியலுக்குள் நுழைந்ததும் திட்ட விலக்கமும் ஒட்டுறவுக் கெழுவும் எதிரே வந்து நிற்கக் காண்பர். உளவியல் தன்னை அறிவியல் என்று சொல்லிக்கொள்வது அளத்தலைக் கொண்டே. அளந்தவற்றை ஆராயப் புள்ளியியல் வேண்டும். முதுகலை நுழைவுத் தேர்வுகளில் கற்றல், நினைவு, ஆளுமை, சமூக உளவியல் ஆகியவற்றோடு ஆய்வு முறையும் புள்ளியியலும் இடம்பெறுகின்றன. புதுச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவும் 2022 முதல் பொது நுழைவுத் தேர்வின் வழியே முதுகலைச் சேர்க்கை நடத்துகின்றன. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தத்தமக்குரிய முறையைப் பின்பற்றுகின்றன. இளநிலையில் உளவியல் பயின்றோரையே சில கேட்கும். எப்பாடப் பட்டதாரியையும் சில ஏற்கும்.

தமிழ் இலக்கியம் பயின்ற மாணவர் இதனால் சோர்வடைய வேண்டுவதில்லை. நோயாளி ஆங்கிலப் பாடநூலின் சொற்களில் தம் துயரத்தைச் சொல்வதில்லை. "நெஞ்சு அடைக்குது", "கைகால் ஓய்ஞ்சு போச்சு", "மனசு ஒரு நிலையில் இல்லை" என்றே சொல்கிறார். அச்சொற்களுள் எது உடல்நோய், எது மனத்துயர் எனப் பகுத்துணர மொழிநுட்பம் கைகொடுக்கும். ஓராண்டு முயன்றால் புள்ளியியலின் அடிப்படையைக் கற்றுவிடலாம்.

நோக்கவுரை எழுதும் முறை

விண்ணப்பத்தோடு பல நிறுவனங்கள் ஒரு நோக்கவுரை கேட்கின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதற்கே பெருமதிப்பு. இதனை எழுதும் இடத்தில்தான் நம் மாணவர் பெரிதும் இடறுகின்றனர்.

"சிறுவயது முதலே பிறர் துயர் கண்டு இரங்கும் உள்ளம் உடையேன்" என்று தொடங்கும் உரைகள் தேர்வுக் குழுவினரின் மேசையில் குவிந்து கிடக்கும். இரக்கம் நற்பண்பே. ஆனால் இரக்கமுடைய ஆயிரவருள் இவரை ஏன் எடுக்க வேண்டும் என்பதற்கு அதில் விடையில்லை. குழு அறிய விரும்புவது, விண்ணப்பித்தவர் ஒரு வினாவைத் தாமே கண்டெடுத்துச் சிந்தித்திருக்கிறாரா என்பதை. அத்தகைய வினாக்களுக்கு நம் ஊர்களில் பஞ்சமில்லை. கடற்கரைப் பட்டினங்களில் எத்தனையோ இல்லங்களில் குடும்பத் தலைவர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார். தந்தையைத் தொலைபேசியின் குரலாகவே அறிந்து வளரும் பிள்ளை, அவர் விடுமுறைக்கு வந்திருக்கும் நாள்களில் எவ்வாறு நடந்துகொள்கிறது? தனித்துக் குடும்பத்தைத் தாங்கும் தாயின் உறக்கம் எத்தகையது? அவர் தம் கவலையை முதலில் யாரிடம் சொல்கிறார், மருத்துவரிடமா, மூத்தாளிடமா, ஆலிமிடமா? இவ்வினாக்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனை எவ்வாறு கேட்டறியலாம், எதனைக் கொண்டு அளக்கலாம், முன்னர் யாவர் ஆராய்ந்துள்ளனர் என்று இரண்டு பத்திகள் எழுதினால், அவ்வுரை ஏனையவற்றினின்று தனித்து நிற்கும்.

இன்னொன்று சற்று நுண்ணியது. தாமோ தம் குடும்பத்தாரோ மனநோயால் வருந்திய அனுபவமே பலரை இத்துறைக்கு இழுக்கிறது. அதனை விரிவாக எழுதலாமா? அமெரிக்க ஆய்வாளர் டிரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி ஆகிய இருவர், உளவியல் உயர்கல்விச் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம் விண்ணப்பத்தைக் கெடுப்பவை எவை எனக் கேட்டு 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தம் மனநலக் குறையை மிகுதியாக வெளிப்படுத்தும் தன்னுரை, வலுவற்ற பரிந்துரைக் கடிதம், சேர விரும்பும் துறையைப் பற்றிய அறியாமை, பிழைமலிந்த எழுத்து, வியக்கவைக்க முயன்று தவறுதல் என விடைகள் அமைந்தன. மனநோய்க்கு இழிவு கற்பிக்கலாகாது என ஊருக்கு உரைக்கும் துறையினரே இவ்வாறு கருதுவது முரணாகத்தான் தோன்றுகிறது. எனினும் விண்ணப்பிப்பவர் நடைமுறையை அறிந்திருத்தல் வேண்டும். பட்ட துயரத்தை விவரிப்பதினும், அத்துயரம் எழுப்பிய கேள்வியையும் அதற்கு விடைதேடிக் கற்றதையும் எழுதுதல் தக்கது என்பது நம் கருத்து.

பரிந்துரைக் கடிதம் குறித்து ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இவர் ஒழுக்கமானவர், வகுப்பிற்கு ஒழுங்காக வருபவர்" என்னும் கடிதம் நன்னடத்தைச் சான்றிதழாகலாம், பரிந்துரை ஆகாது. மாணவர் செய்த ஆய்வேடு யாது, தவறைச் சுட்டியபோது எவ்வாறு திருத்தினார், எந்த வினாவை எழுப்பினார் என்பனவற்றை எழுதுதல் வேண்டும். மாணவரும் கடைசி நாளன்று தாளை நீட்டாது, ஒரு திங்களுக்கு முன்பே தம் ஆய்வேட்டின் படியோடு ஆசிரியரை அணுகுதல் முறை.

கடல் கடந்து செல்வோர்க்கு

அமெரிக்காவில் மருத்துவ உளவியலுக்கு இருவகை முனைவர் பட்டங்கள் உள்ளன. 1949-இல் கொலராடோ மாநிலத்துப் போல்டரில் கூடிய மாநாடு, ஆய்வாளராகவும் மருத்துவராகவும் ஒருங்கே பயிற்றுவிக்கும் பிஎச்.டி. முறையை வகுத்தது. அதே மாநிலத்து வெயிலில் 1973-இல் கூடிய மாநாடு, தொழிற்பயிற்சியை முதன்மையாகக் கொண்ட சை.டி. பட்டத்திற்கு ஏற்பளித்தது. முன்னதில் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிட்டும். பின்னதிற்குப் பெரும்பாலும் மாணவரே பணம் கட்ட வேண்டும். கடன்பட்டுச் செல்வோர் இவ்வேறுபாட்டை அறியாது செல்லலாகாது. அங்கே பிஎச்.டி. மாணவரைத் தேர்வதில், வழிகாட்டப்போகும் பேராசிரியரின் விருப்பம் பெரிதும் கருதப்படுகிறது. எனவே அவருடைய அண்மைக்காலக் கட்டுரைகளைப் படித்த பின்னரே விண்ணப்பித்தல் பயன்தரும். ஜி.ஆர்.இ. தேர்வைப் பல துறைகள் 2020-க்குப் பின் கட்டாயமாகக் கேட்பதில்லை. பெரும்பாலும் டிசம்பர்த் திங்களிலேயே கடைசி நாள் வந்துவிடுகிறது.

பெற்றோர்க்கும் பெரியோர்க்கும்

இது நெடிய படிப்பு. இளநிலை மூன்றாண்டு, முதுகலை ஈராண்டு, அதன்மேல் மருத்துவமனைப் பயிற்சி ஈராண்டு என ஏழாண்டுகளை மனத்திற்கொண்டே இசைவளிக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் முதுகலைப் பட்டம் கையிலிருக்கும், பதிவு இராது. பெண்மக்களுக்கு இது தகாத துறை என்னும் எண்ணமும் சிலரிடம் உண்டு. தன் உள்ளத்தை ஆடவரிடம் திறந்து பேசத் தயங்கும் பெண்களுக்குப் பெண் உளவியலாளரே வாயில் ஆவார். அவ்வாயில் திறக்கவேண்டுமெனில் யாரோ ஒருவர் தம் மகளை அனுப்பியாக வேண்டும்.

பொருள் வகையில் ஒன்று. சிறுபான்மை ஆய்வு மாணவர்க்கு உதவிய மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022–23 முதல் நிறுத்தப்பட்டது. இனி முனைவர் ஆய்வுக்கு உதவித்தொகை நாடுவோர் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற முயல வேண்டும். ஊர் ஜமாஅத்துகளும் கல்வி அறக்கட்டளைகளும் மருத்துவம், பொறியியல் மாணவர்க்கு வழங்கும் உதவியை உளவியல் மாணவர்க்கும் நீட்டித்தால் இரண்டு பயிற்சி ஆண்டுகளின் சுமை குறையும்.

சான்றிதழ் பற்றியும் கூறிவிடுகிறோம். நம் மாணவர் பலரிடம் இருப்பது மாநில அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் வகுப்புச் சான்றிதழ். மத்திய நிறுவனங்களில் அது செல்லாது. அங்கே இதர பிற்படுத்தப்பட்டோர்க்கான மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவினர் அல்லர் என்னும் குறிப்புடன் கூடிய நடப்பாண்டுச் சான்றிதழ் வேண்டும். லெப்பை, இராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் மத்தியப் பட்டியலிலும் உள்ளனர். இரு பட்டியல்களும் முற்றும் ஒன்றல்ல, ஏனையோர் சரிபார்த்துக்கொள்க. இறுதியாண்டு மாணவர் ஐந்தாம் பருவத்தேர்வு முடிந்த கையோடு வட்டாட்சியர் அலுவலகத்திற்கு இதற்கென விண்ணப்பித்துவிட வேண்டும். பொது நுழைவுத் தேர்வுக்கான படிவங்கள் பெரும்பாலும் அதே டிசம்பர், ஜனவரியில்தான் வெளியாகின்றன.