காற்றாடிமலையின் மறைசாட்சி

நம்பிக்கையைக் கைவிட மறுத்து உயிரைக் கொடுப்பவரைக் கிறிஸ்தவ மரபு மறைசாட்சி என்கிறது. ரோமப் பேரரசில் கொல்லப்பட்டவர்களின் கல்லறைகளில் தொடங்கிய வணக்கமே பின்னாளில் புனிதர் வழிபாடாக வளர்ந்தது. சீக்கியர் குரு தேக் பகதூரையும் (1675), ஷியா முஸ்லிம்கள் கர்பலாவில் மாண்ட இமாம் உசேனையும் (680) இவ்வாறே போற்றுகின்றனர்.

குமரி மாவட்டத்தின் மறைசாட்சி தேவசகாயம். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் அரசுப் பணியில் இருந்தார். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் நட்பால் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் கைதானார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்பது மரபுச் செய்தி. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்து அவர் முட்டியால் இடித்த பாறையில் நீர் சுரந்தது என்பது மக்கள் நம்பிக்கை. அந்த இடம் இன்றும் முட்டிடிச்சான் பாறை என்றே அழைக்கப்படுகிறது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தண்டனைக்குக் காரணம் அரசத் துரோகமா, மதமாற்றமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. விசுவாசத்துக்காகவே இறந்தார் என்பது திருச்சபையின் முடிவு. மறைசாட்சிக்கு, புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் தர அற்புதம் தேவையில்லை. 2012இல் நாகர்கோவிலில் அப்பட்டம் வழங்கப்பட்டது. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவரே. கல்லறை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் உள்ளது.