ஜீப்பின் முதுகுச் சுமை

மோட்டார் வண்டியில் ஏறிப் பழகிய நம்மவர் எல்லாருக்கும் ‘ஸ்டெப்னி’ என்ற சொல் தெரியும். வண்டியோடு கூடவே வரும் ஐந்தாவது சக்கரத்துக்கு அது பெயர். அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தவர் சிலரே. வேல்ஸ் தேசத்தில் லனெல்லி என்று ஓர் ஊர் இருக்கிறது. அவ்வூரில் ஸ்டெப்னி வீதி என்று ஒரு வீதி. மோட்டார் வண்டிகள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே ஓடிக்கொண்டிருந்த நாளில், 1904-ஆம் வருஷம், அவ்வீதியைச் சேர்ந்த டேவிஸ் சகோதரர்கள் காற்றடைத்த டயரோடு கூடிய ஒரு வளையத்தைச் செய்தனர். வழியில் டயர் பஞ்சரானால் அவ்வளையத்தைக் கெட்ட சக்கரத்தின் பக்கத்தில் மாட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். பிற்பாடு முழுச் சக்கரமே வண்டியோடு வரத் தொடங்கிற்று; வளையம் மறைந்தது. வீதியின் பெயர் மட்டும் நம் நாட்டுப் பட்டறைகளில் நிலைத்துவிட்டது.

இக்காலத்து நகர வண்டிகள் பலவற்றில் அந்த ஐந்தாவது சக்கரமும் இல்லை. துளையை அடைக்கும் பசைக் குப்பி ஒன்றையும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நல்ல சாலையும் கூப்பிடு தூரத்தில் பட்டறையும் உள்ள இடத்தில் அது போதும். பாறையிலும் மணலிலும் சேற்றிலும் ஓடப் பிறந்த வண்டிகளின் நிலைமை வேறு. அங்கே ஸ்டெப்னியை நம்பித்தான் வீடு திரும்ப வேண்டும். அதைச் சுமப்பதற்கென்றே வண்டியின் பின்புறத்தில் தனியாகச் செய்து பொருத்துகிற எஃகுப் பம்பரைப் பற்றியதே இக்கட்டுரை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது ஒரு தனிக் கைத்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

யுத்தத்தில் பிறந்த வண்டி

இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்கச் சேனைக்காகப் பிறந்தது ஜீப். அதன் முதல் மாதிரியை 1940-இல் பாண்டம் என்னும் சிறு கம்பெனி செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு என்ற இரு கம்பெனிகளும் லட்சக்கணக்கில் செய்து குவித்தன. வில்லிஸ் ஜீப்பின் பின்புறத்தைப் படத்தில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் ஸ்டெப்னி, மறு பக்கம் பெட்ரோல் டின், கீழே நடுவில் இழுவைக் கொக்கி, அதன் இரு மருங்கிலும் சின்னஞ்சிறு பம்பர் துண்டுகள். உள்ளே நான்கு சிப்பாய்களுக்கு இடம் வேண்டும். ஆகவே சக்கரம் வெளியே போயிற்று. அன்று ஏறிய இடத்திலிருந்து அது இன்றுவரை இறங்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் ஜீப் உழவுக்கும் உல்லாசத்துக்கும் வந்தது. கலிபோர்னியாவில் ஸியரா நெவாடா மலைத்தொடரின் குறுக்கே டாஹோ ஏரியை நோக்கிச் செல்லும் ருபிகான் பாதை சுமார் 22 மைல் நீளமுடையது. பாதை என்பது மரியாதைக்கு; வழி நெடுகக் கருங்கல் உருண்டைகள்தாம். அங்கே 1953-ஆம் வருஷத்தில் ஜீப்காரர்கள் கூட்டமாகச் செல்லும் வழக்கம் ஆரம்பித்தது. யூடா மாகாணத்து மோஆப் நகரில் ஈஸ்டர் பண்டிகையையொட்டி நடக்கும் ஜீப் யாத்திரை 1967-இல் தொடங்கியது. இத்தகைய இடங்களில் அடிபட்டுக் கற்றுக்கொண்டவர்கள்தாம், கம்பெனி கொடுத்த பம்பரைக் கழற்றி எறிந்துவிட்டுச் சொந்தமாக ஒன்றைச் செய்துகொள்ளத் தொடங்கினார்கள்.

பெரிய டயரும் சிறிய கதவும்

கற்களின் மேல் ஏற வேண்டுமானால் டயர் பெரிதாக இருக்க வேண்டும். வண்டியோடு வரும் டயரின் உயரம் 29 அங்குலம் என்றால், மலையேறிகள் 33, 35, 37 அங்குல டயர்களைப் பூட்டிக்கொள்கிறார்கள். மேலும், சாலையில் சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு காற்றோடு ஓடும் டயரைப் பாறைப் பிரதேசத்தில் 15 பவுண்டுக்கு இறக்கிவிடுகிறார்கள். காற்றுக் குறைந்த டயர் கல்லைத் தழுவிக்கொண்டு வழுக்காமல் ஏறும். ஆனால் அதன் பக்கச் சுவர் பிதுங்கி நிற்கும். கூர்மையான கல் பட்டால் அவ்விடத்தில் கிழியும். மிதிக்கும் பாகத்தில் ஏற்படும் துளையை அடைக்கலாம். பக்கச் சுவரின் கிழிசலை நம்பகமாக அடைக்க வழியில்லை. ஆகவே மாற்றுச் சக்கரம் அவசியமாகிறது. அதுவும் மற்ற நான்கின் அளவிலேயே இருக்க வேண்டும். நான்கு சக்கரங்களையும் எஞ்சின் ஒருங்கே இழுக்கும்போது, அவற்றில் ஒன்று சிறியதானால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு பழுதாகும்.

இங்கேதான் தொல்லை பிறக்கிறது. ஜீப் ராங்லர் முதலிய வண்டிகளில் ஸ்டெப்னி பின் கதவின் மேலேயே தொங்குகிறது. கம்பெனி அளவுச் சக்கரத்தைத் தாங்கவே அக்கதவும் கீல்களும் செய்யப்பட்டவை. முப்பத்தைந்து அங்குலச் சக்கரமோ இரும்பு வட்டத்தோடு சேர்ந்து 40 கிலோவுக்கு மேல் நிறுக்கும். குண்டும் குழியுமான வழியில் அது ஒவ்வொரு குலுக்கலுக்கும் கதவைப் பிடித்து உலுக்குகிறது. முதலில் கதவு கிறீச்சிடும். பிறகு சரியாகச் சாத்தாது. கடைசியில் கீலைச் சுற்றியுள்ள தகடு வெடிக்கும். டொயோட்டா லாண்ட் குரூஸரின் 80 வரிசை வண்டிகளில் ஸ்டெப்னி பின்புறத்து அடிவயிற்றில் தொங்குகிறது. பெரிய சக்கரம் அவ்விடத்தில் கொள்ளாது. கொண்டாலும் கல்லில் இடிக்கும். சேற்றில் புதைந்த வண்டியின் அடியில் புகுந்து அதைக் கழற்றும் வேலையை எதிரிக்கும் விரும்ப மாட்டோம்.

ஆகையால் சக்கரத்தைக் கதவிலிருந்தும் வயிற்றிலிருந்தும் நீக்கி, பம்பரோடு சேர்ந்த ஓர் எஃகுக் கையின் மேல் ஏற்றுகிறார்கள். பம்பரின் ஒரு முனையில் நிற்கும் கனத்த முளையைச் சுற்றி அக்கை வாசற்கதவு போலத் திறக்கிறது. பாரம் முழுவதும் பம்பர் வழியாகச் சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தில் போய் இறங்குகிறது. கதவு தன் கனத்தை மட்டும் தாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது.

கொஞ்சம் கணக்கு

பார்வைக்கு எளிய வேலையாகத் தோன்றும் இதில் எத்தனை பலம் ஒளிந்திருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கைக் கொண்டே காணலாம்.

எஃகுக் கை திறந்து நிற்கும்போது, முளையிலிருந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் 40 கிலோச் சக்கரம் தொங்குகிறது என்று கொள்வோம். முளையின் மேலும் கீழும் உள்ள இரண்டு பேரிங்குகளின் இடைவெளி 15 சென்டிமீட்டர். அப்பொழுது மேல் பேரிங்கை வெளியே இழுக்கும் பலமும், கீழ்ப் பேரிங்கை உள்ளே தள்ளும் பலமும் தனித்தனியே 160 கிலோ எடைக்குச் சமம். வண்டி அசையாமல் நிற்கும்போதே இந்தக் கணக்கு. பள்ளத்தில் குதித்தால் இது பல மடங்காகும். எனவேதான் கைதேர்ந்த தொழிலாளர் சாதாரணக் கீலை நம்புவதில்லை. இழுவை வண்டியின் அச்சில் வைக்கும் கூம்பு உருளைப் பேரிங்குகளை முளையில் கோத்து, கிரீஸ் அடைத்து, தண்ணீர் புகாமல் மூடுகிறார்கள். கையைச் சாத்தியபின் அதன் மறுமுனை பம்பரின் மேலுள்ள தாங்கியில் ஏறி உட்காரும்படியும் செய்கிறார்கள். ஓடும்போது பாரத்தில் ஒரு பங்கை அத்தாங்கி வாங்கிக்கொள்ளும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 47 கிலோ நிறுக்கும். கனமான தகடே நல்ல தகடு என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். பம்பரும் கையும் சேர்ந்து 60 கிலோ, சக்கரம் 40 கிலோ, ஆக 100 கிலோ. இது பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்குகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இரண்டரை மீட்டர். அப்படியானால் பின் அச்சின் மேல் ஏறும் பாரம் 100 கிலோ அன்று, 140 கிலோ. மிகுந்த 40 கிலோ முன் அச்சிலிருந்து பறிக்கப்பட்டது. பழைய பம்பரும் பழைய சக்கரமும் போன எடையைக் கழித்துப் பார்த்தாலும் மிச்சம் அற்பமாக இராது. பின் வில்கள் தாழும்; முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங்கின் பிடிப்புத் தளரும்; ஈரச் சாலையில் இது விளையாட்டுக் காரியமன்று. வில்களை மாற்றாமல் பம்பரை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

பட்டறையின் கைத்திறன்

நல்ல பம்பரின் லட்சணங்களில் முதலாவது, அது எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்பது. சேஸிஸின் இரு கரங்களிலும் பல போல்ட்டுகளால் பரவலாகப் பிடித்திருக்க வேண்டும். தனிச் சேஸிஸ் இல்லாமல் உடலே கூடாகச் செய்யப்பட்ட நகரத்துக் கார்களுக்கு இவ்வகைப் பம்பர் பொருந்தாது.

இரண்டாவது, அதன் வடிவம். வண்டி மேட்டிலிருந்து இறங்கும்போதும் பள்ளத்திலிருந்து ஏறும்போதும் பின்பாகம் தரையில் இடிக்கக் கூடாது. பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் அடி விளிம்புக்கு ஒரு கோடு இழுத்தால் அது தரையோடு செய்யும் கோணமே இதற்கு அளவு. ராங்லர் ருபிகான் வண்டியில் அது சுமார் 37 டிகிரி. புதிய பம்பர் இதைக் குறைக்குமானால் அதைச் செய்தவர் வண்டியை அலங்கரித்தாரேயன்றி அதற்கு உதவவில்லை. ஆகவே முனைகளைச் சரிவாக மேல்நோக்கி வெட்டிவிடுகிறார்கள்.

மூன்றாவது தாழ்ப்பாள். கை ஆடினால் ஓசை எழும். ஓசை நாளடைவில் விரிசலாகும். கையை ரப்பர்த் தடை ஒன்றின் மேல் அழுத்தி இறுக்கிப் பிடிக்கும் தாழ்ப்பாளும், அது நழுவினால் காக்க இரண்டாவது ஊசியும் இருக்க வேண்டும். கையைத் திறந்தபடி நிறுத்தும் பிடியும் வேண்டும். சரிவில் நிற்கும் வண்டியில் 40 கிலோச் சக்கரம் தானே திரும்பி வந்து மூடினால் விரல்கள் மிஞ்சா.

சிறு விஷயங்களும் உள. சேற்றுத் தண்ணீர் வடியத் துளை வேண்டும். இல்லாவிடில் பம்பர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். 1905-இல் அமெரிக்கப் பண்ணைகளில் தோன்றிய உயரமான ஜாக்கியை மலையேறிகள் இன்றும் விடவில்லை. அதன் நாக்கு நுழைய உறுதியான இடம் வேண்டும்.

உயிர் போகும் இடம்

எல்லாவற்றிலும் முக்கியமானதைத் தனியே சொல்ல வேண்டும். புதைந்த வண்டியை மற்றொரு வண்டி கயிறு கட்டி இழுக்கும்போது, பம்பர் வெறும் சுமைதாங்கியாக இராது. அதுவே உயிர்காக்கும் பிடியாகிறது. ரப்பர் போல நீண்டு சுருங்கும் கயிறு பெருஞ்சக்தியைத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. பிடி அறுந்தால் அச்சக்தி முழுவதும் அறுந்த இரும்புக்குப் போகிறது. இழுவை வண்டி மாட்டுவதற்காகப் பின்னால் உள்ள இரும்புக் குண்டில் கயிற்றைக் கட்டி இழுத்தபோது, குண்டு கழுத்தில் முறிந்து பீரங்கிக் குண்டு போலப் பறந்து, உள்ளே இருந்தவர்களைக் கொன்றிருக்கிறது. ஆகவே இழுவைக்கென்றே கனத்த காதுகளைத் தகட்டின் ஊடே செலுத்தி இருபுறமும் பற்றவைத்து, அப்பாரம் சேஸிஸில் சேரும்படி செய்கிறார்கள். பம்பரின் முகத்தில் ஒட்டவைத்து வர்ணம் பூசிய காது, பார்வைக்கு அதே காதுதான். வித்தியாசம் இழுக்கும் நாளில்தான் தெரியும்.

பின்னால் வருகிறவர்கள்

வண்டிக்குச் சொந்தக்காரர் தம் வண்டியை மட்டும் நினைத்தால் போதாது. கம்பெனிப் பம்பர் மோதினால் நசுங்கும்படியே செய்யப்பட்டது. அதன் நசுங்கலில் மற்றவரின் எலும்பு தப்புகிறது. எஃகுப் பம்பர் நசுங்காது. உயர்த்திய வண்டியின் பின்னால் வரும் சிறு காருக்கு அது கண்ணாடி மட்டத்தில் நிற்கும் இரும்பு உத்திரம். பெரிய சக்கரம் நம்பர்ப் பலகையையும் நடு பிரேக் விளக்கையும் பின்பார்வைக் காமிராவையும் மறைக்கக்கூடும். அவற்றை இடம் மாற்றித் தெளிவாகத் தெரியும்படி அமைப்பதும் பம்பர் செய்பவரின் கடமையே.

நம் நாட்டிலும் ஸ்டெப்னியை முதுகில் சுமக்கும் தார், ஜிம்னி முதலிய வண்டிகள் ஓடுகின்றன. இவ்வகைப் பம்பர்களுக்கு ஆசைப்படுவோரும் உண்டு. அவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியைப் பதிவு விவரங்களுக்கு மாறாகத் திருத்துவதைத் தடுக்கிறது. 2017 டிசம்பரில் மத்திய சர்க்கார், வண்டிகளில் இரும்புக் காப்புச் சட்டங்களைப் பூட்டுவோர்மீது நடவடிக்கை எடுக்கும்படி மாகாணங்களுக்கு எழுதிற்று. எனவே பட்டறைக்குப் போகுமுன் போக்குவரத்து அதிகாரியின் அலுவலகத்தில் விசாரிப்பது நலம்.

வாங்க நினைப்பவர் பட்டறைக்காரரிடம் நான்கு கேள்விகள் கேட்கட்டும். பாரம் எங்கே போய் இறங்குகிறது? முளையில் என்ன பேரிங்? மொத்த எடை எத்தனை? இழுவைக் காது எதனோடு சேர்ந்திருக்கிறது? நல்ல தொழிலாளி இவற்றுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். வண்டியின் அடியில் குனிந்து காட்டவும் செய்வார். வர்ணத்தின் பளபளப்பைப் பற்றியே பேசுகிறவரிடம் வந்தனம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம்.