பன்னிரண்டு கிராமங்களின் வாக்கு

பாமர ஜனங்களைக் கூட்டி வைத்து நேராக அபிப்பிராயம் கேட்டால் கூச்சலும் குழப்பமுமே மிஞ்சும் என்று சொல்லும் கனவான்கள் நம்மிடையே அநேகர். ஒடிஸா ராஜ்யத்து நியமகிரியில் 2013ஆம் வருஷம் நடந்ததை அவர்கள் சற்றுக் கவனிக்கும்படி வேண்டுகிறோம்.

அம்மலையின் உச்சியில் பாக்ஸைட் தாது இருக்கிறது. அதை வெட்டியெடுக்க ராஜ்ய சர்க்காரின் சுரங்கக் கார்ப்பரேஷனும் வேதாந்தா கம்பெனியாரும் முனைந்தனர். அங்கே வசிக்கும் டோங்ரியா கோந்தர்களுக்கோ அம்மலை நியமராஜா என்னும் தெய்வத்தின் இருப்பிடம். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, 2013ஆம் வருஷம் ஏப்ரல் 18ந் தேதி கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். ஜனங்களின் மத உரிமைகள் உட்பட யாவற்றையும் கிராம சபைகள் ஆலோசித்து முடிவு கூற வேண்டும், ஜில்லா ஜட்ஜு அந்தஸ்துள்ள ஒருவர் உடனிருந்து பார்க்க வேண்டும், அம்முடிவைக் கருதியே மத்திய சர்க்கார் அநுமதி பற்றித் தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இங்கேதான் சூழ்ச்சிக்கு இடம் உண்டாயிற்று. எந்தெந்தக் கிராமங்களைக் கேட்பது? மலையிலும் சாரலிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்க, ராஜ்ய சர்க்கார் பன்னிரண்டை மட்டும் பொறுக்கியெடுத்தது. மத்திய சர்க்காரின் பழங்குடி நல இலாகாவே இதை ஆட்சேபித்தது. வாக்கெடுப்பைக் கெடுக்க நினைப்பவர் வாக்குகளைத் திருட வேண்டுமா என்ன? வாக்காளரைப் பொறுக்கும் அதிகாரம் கையில் இருந்தால் போதாதா?

ஆயினும் எண்ணியது ஈடேறவில்லை. ஜூலை 18 முதல் ஆகஸ்டு 19 வரை கூடிய பன்னிரண்டு சபைகளும், ஒன்று தப்பாமல், சுரங்கம் வேண்டாமென்றே தீர்மானித்தன. 2014 ஜனவரியில் மத்திய சர்க்கார் அநுமதி மறுத்தது. கிராம சபைகளை மறுபடி கூட்ட வேண்டுமென்று கார்ப்பரேஷனார் செய்துகொண்ட மனுவையும் 2016 மே மாதத்தில் கோர்ட்டார் ஏற்க மறுத்தனர்.

கிராம சபைத் தீர்மானம் என்றால் புஸ்தகத்தில் பதிந்து பீரோவில் உறங்கும் காகிதம் என்பதே வக்கீல்களாகிய நம்மில் பலருடைய எண்ணம். நியமகிரியில் அக்காகிதம் உயிர் பெற்றதற்குக் காரணம், அதன் பின்னால் சட்டமும் கோர்ட்டாரின் உத்தரவும் நின்றமையே. அவை இன்றேல் பன்னிரண்டு என்ன, நூறு சபைகள் கூடித் தீர்மானித்தும் பயன் விளைந்திராது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மலையின் தாதுவை நம்பி அடிவாரத்து லாஞ்சிகரில் எழுப்பிய ஆலை, வாக்கெடுப்புக்குப் பல வருஷங்கள் முன்னரே ஓடத் தொடங்கிவிட்டது. ஆலை முதலில், மலைவாசிகளின் சம்மதம் பின்னர்! இந்த வரிசை மாறவேண்டும். எந்த ஊரைக் கேட்பது என்று நிர்ணயிக்கும் அதிகாரமும், சுரங்கத்தில் பங்குள்ள சர்க்காரிடம் இருத்தலாகாது. பார்லிமெண்டு அங்கத்தினர்கள் இவ்விரண்டையும் திருத்தச் சட்டமாகக் கொண்டுவர முன்வருவார்களா?