பழைய கப்பலில் புதிய மின்கலம்

டென்மார்க்கின் ஹெல்சிங்கோர் நகரையும் சுவீடனின் ஹெல்சிங்போரி நகரையும் பிரிக்கும் நீரிணை அவ்விடத்தில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் அகலமே உடையது. ஷேக்ஸ்பியர் தம் ஹாம்லெட் நாடகத்துக்குக் களமாகக் கொண்ட கோட்டை நிற்கும் ஹெல்சிங்கோர் கரைக்கும் எதிர்க்கரைக்கும் இடையே பயணிகளையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் டைக்கோ பிராகே, அரோரா என்னும் இரு கப்பல்களும் 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்டு, கால் நூற்றாண்டுக் காலம் டீசலில் ஓடியபின், 2018இல் மின்கலத்துக்கு மாறின.

இம்மாற்றம் கைகூடுவதற்கு அவற்றின் பழைய அமைப்பே பெரிதும் துணைநின்றது. பல கப்பல்களில் டீசல் இயந்திரம் ஒரு நீண்ட தண்டின் வழியே நேரடியாகப் புரொப்பெல்லரைச் சுழற்றும். இவ்விரண்டிலோ டீசல் இயந்திரங்கள் ஜெனரேட்டர்களை இயக்கி மின்சாரம் உண்டாக்க, அம்மின்சாரத்தைப் பெற்ற மோட்டார்களே புரொப்பெல்லர்களைச் சுழற்றிவந்தன. ஆகவே மின்சாரம் பிறக்கும் இடத்தை மாற்றுவதே முதன்மையான வேலையாக இருந்தது. ஒவ்வொரு கப்பலின் மேற்பகுதியிலும் 640 மின்கலங்கள் அமைக்கப்பட்டன. அவை சேர்ந்து தேக்குவது 4,160 கிலோவாட் மணி, அதாவது வீட்டு மின்கட்டணக் கணக்கில் 4,160 யூனிட். ஒருமுறை கடக்க ஏறத்தாழ 1,175 யூனிட் வரை செலவாகிறது.

ஆனால் எடைக்கு எடை ஒப்பிட்டால், ஒரு கிலோ டீசலில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்க, கப்பலில் பொருத்தப்படும் லித்தியம் மின்கலத் தொகுதி கிலோவுக்குக் கால் யூனிட்டைத் தேக்குவதே அரிது. டீசல் இயந்திரம் தன் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாக இழக்கிறது என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிதே. பெருங்கடல் கடக்கும் கப்பல்களுக்கு இம்முறை ஒவ்வாததும், குறுகிய, மாறாத வழியில் நாளெல்லாம் சென்றுவரும் கப்பல்களுக்கு மிகப் பொருந்துவதும் இதனாலேயே.

உண்மையான சிக்கல் கரையில்தான் எழுகிறது. பத்து நிமிடத்தில் 1,000 யூனிட் ஏற்ற வேண்டுமாயின் துறைமுகம் 6,000 கிலோவாட் திறனை அளிக்க வேண்டும். கப்பல் கரையில் நிற்பது சில நிமிடங்களே ஆதலின், மின்வடத்தைக் கையால் இழுத்து மாட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. கப்பல் கரையை அணைந்தவுடன் தானியங்கும் இயந்திரக் கை ஒன்று மின்வடத்தைப் பற்றி இணைக்கிறது. பழைய டீசல் ஜெனரேட்டர்கள் மின்தடை போன்ற நெருக்கடிக்கெனக் கப்பலிலேயே விடப்பட்டுள்ளன.

தண்டு நேரடியாகச் சுழலும் சிறு படகுகளில் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு அதே தண்டில் மோட்டாரை இணைத்துவிடலாம் எனினும், படகின் உரிமையாளர் வேகத்தைக் குறித்து ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். நீரைப் பிளந்து செல்லும் படகுக்குத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்வதால், வேகத்தைப் பாதியாக்கினால் தேவை எட்டில் ஒன்றாகிவிடும். பழைய வேகத்தை விட மனமில்லாதவருக்கோ மின்கலத்தின் விலை கட்டுப்படியாகாது.