ஒரே மூச்சிலா, இறங்கி ஏறியா? அட்லாண்டிக் தாண்டப் போகும் குடும்பங்களுக்கு

நம் வீட்டுப் பெரியவர்கள் 'ரஜூலா' கப்பலில் வந்த கதையைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சென்னையில் ஏறி, நாகப்பட்டினத்தில் நின்று, பினாங்கைத் தொட்டு, பிறகு கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று அந்தக் கப்பல் ஊர் ஊராக நின்று நின்று வரும். நேராகப் போகிற கப்பல் உண்டா என்று அன்றைக்கு யாரும் கேட்டதில்லை. வந்து சேர்ந்தால் போதும் என்பதுதான் பிரார்த்தனை.

இன்று அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் லண்டனிலும் டொராண்டோவிலும் நியூயார்க்கிலும் வேலை பார்க்கிறார்கள். "அம்மா, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்று போனில் அழைக்கிறார்கள். அம்மாவுக்கும் ஆசைதான். டிக்கெட் வாங்க உட்காரும்போதுதான் தலை சுற்றுகிறது. ஒரு டிக்கெட் 6,000 வெள்ளி என்கிறது, இன்னொன்று 4,800 வெள்ளி. இரண்டும் டொராண்டோவுக்குத்தான் போகின்றன. எதை வாங்குவது?

நான் 4,800 வெள்ளி டிக்கெட்டை வாங்கியவன். எனக்கல்ல, என் சின்னம்மாவுக்கு. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாவது என்னைப் போல் கணக்குப் போடாமல் இருப்பீர்கள்.

சின்னம்மா 30 வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தமிழும் மலாயும் சரளம். ஆங்கிலம் 'யெஸ், நோ, தேங்க்யூ'வோடு சரி. அவருடைய ஒரே மகன் டொராண்டோவில் இருக்கிறான். 2023 நவம்பரில் மருமகளுக்குப் பிரசவ நாள் குறித்திருந்தார்கள். பிள்ளை பிறக்கும்போது மாமியார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மருமகளே ஆசைப்பட்டாள்.

கோலாலம்பூரிலிருந்து டொராண்டோவுக்கு நேர் விமானம் கிடையாது. எங்கேயாவது ஒரு முறை இறங்கித்தான் ஆக வேண்டும். லண்டன் வரை ஒரே ஓட்டமாகப் போகலாம், 13, 14 மணி நேரம். அங்கிருந்து அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்ட நேர் விமானத்தில் இன்னொரு 8 மணி நேரம். அந்த இரண்டாவது பாதியில்தான் நான் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். லண்டனிலிருந்து ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யவிக்கில் இறங்கி ஏறி டொராண்டோ போகிற டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. லண்டன் வரை ஒரு டிக்கெட், லண்டனிலிருந்து தனியாக இன்னொரு டிக்கெட் என்று வாங்கினேன். மிச்சம் 1,200 வெள்ளி. பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு!

முதல் விமானம் காலை 6 மணிக்கு ஹீத்ரூ விமான நிலையத்தில் இறங்க வேண்டும். இரண்டாவது விமானம் பகல் 12 மணிக்கு. இடையில் 6 மணி நேரம், தாராளம் என்று நினைத்தேன். ஆனால் இரண்டாவது விமானம் கிளம்புவது ஹீத்ரூவில் இல்லை, கேட்விக்கில். அது லண்டனின் இன்னொரு விமான நிலையம். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். "இந்த பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு கடுதாசி எழுதிச் சின்னம்மா கையில் கொடுத்து அனுப்பினேன்.

கோலாலம்பூரிலேயே விமானம் 3 மணி நேரம் தாமதம். ஹீத்ரூவில் இறங்கும்போது மணி 9. தனித்தனி டிக்கெட் என்பதால் பெட்டி டொராண்டோ வரை போகாது. சின்னம்மா குடிநுழைவு வரிசையில் நின்று, பிரிட்டனுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து வெளியே வர 10.30. கடுதாசியைக் காட்டி, பேருந்து பிடித்து, கேட்விக் போய்ச் சேர்ந்தபோது ஏறக்குறைய 12. முகப்பை 11 மணிக்கே மூடிவிட்டார்கள்.

அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாராம். 'உங்கள் முதல் விமானம் தாமதமானதற்கு நாங்கள் பொறுப்பில்லை. இது வேறு டிக்கெட். நீங்கள் வரவில்லை என்று பதிவாகிவிட்டது.' வரவில்லை என்று பதிவானால் என்ன தெரியுமா? போகிற டிக்கெட் மட்டுமல்ல, அதோடு சேர்த்து வாங்கிய திரும்பி வருகிற டிக்கெட்டும் ரத்து! எனக்கு அன்றுதான் தெரியும்.

"அண்ணே, அம்மா எங்கே?" என்று தம்பி டொராண்டோவிலிருந்து கூப்பிட்டபோது அவன் மருத்துவமனையில் இருந்தான். அங்கிருந்தபடியே மறுநாள் காலை நேர் விமானத்துக்கு ஒருவழி டிக்கெட் வாங்கினான், 3,400 வெள்ளி. அன்றிரவு சின்னம்மா கேட்விக்கில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தார். தரை துடைக்க வந்த இலங்கைத் தமிழ்ப் பையன் ஒருவன், "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, விடியற்காலையில் ஹீத்ரூ பேருந்திலும் ஏற்றிவிட்டிருக்கிறான். சின்னம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் பேத்தி பிறந்தாள்.

சரி, நான் எங்கே தவறினேன்? இறங்கி ஏறுகிற பயணத்தைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. இரண்டு டிக்கெட்டாக வாங்கியதுதான் முதல் தவறு. இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பதிவு எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும், அடுத்து இடமுள்ள விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் தானாகவே மாறிப் போகும். பெட்டியில் கட்டுகிற சீட்டைக் கோலாலம்பூரிலேயே பாருங்கள். டொராண்டோவுக்குப் போகிற பெட்டியில் 'ஒய் ஒய் இஸட்' என்ற மூன்று எழுத்து இருக்க வேண்டும். 'எல் எச் ஆர்' என்று மட்டும் இருந்தால் அது ஹீத்ரூவிலேயே இறங்கிவிடும், நீங்கள்தான் போய் எடுக்க வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இந்த எழுத்துகளை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு குழப்பம் 'டைரக்ட்' என்ற சொல்லில் இருக்கிறது. டைரக்ட் என்றால் நிற்காமல் போவது என்று நாம் நினைக்கிறோம். விமானக்காரர்கள் கணக்கில் எண் மாறாமல் போனாலே அது டைரக்ட்தான், நடுவில் நின்றாலும்கூட! சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் நின்று அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் போகிறது. எண் ஒன்றுதான், ஆனால் நடுவில் இறங்கி ஏற வேண்டும். அதே நிறுவனம் நியூயார்க்குக்கு எங்குமே நிற்காத விமானமும் விடுகிறது, 15,000 கிலோமீட்டருக்கு மேல், 18 மணி நேரத்துக்கும் மேல். ஆகவே டிக்கெட் வாங்கும்போது "டைரக்டா?" என்று கேட்காதீர்கள். "எத்தனை இடத்தில் நிற்கும், எத்தனை முறை விமானம் மாற வேண்டும்?" என்று கேளுங்கள்.

அட்லாண்டிக்கை நிற்காமல் தாண்டுவதே ஒரு காலத்தில் பெரிய காரியம். 1958 அக்டோபர் 4ஆம் தேதி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே முதல் ஜெட் பயணிகள் சேவை தொடங்கியது. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வந்த விமானம் நிற்காமல் வந்துவிட்டது. லண்டனிலிருந்து போன விமானமோ எண்ணெய் நிரப்பக் கனடாவின் கேண்டர் என்ற சிற்றூரில் இறங்கித்தான் போனது. காரணம் காற்று. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓர் ஆறு போலக் காற்று ஓடுகிறது. எதிர்த்துப் போனால் நேரமும் எண்ணெயும் கூடும், கூடவே போனால் குறையும். இன்றும் லண்டன், டொராண்டோ போக 8 மணி நேரம், வர 7 மணி நேரம்தான். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் காற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜம்போ ஜெட் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது!

அந்தக் கேண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 2001 செப்டம்பர் 11ஆம் தேதி அமெரிக்கா தன் வானத்தை மூடியபோது, நடுச் சமுத்திரத்தில் இருந்த விமானங்களில் 38 அங்கே இறங்கின. ஏறக்குறைய 10,000 பேர் வாழும் ஊரில் 6,500 பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். ஊர் மக்கள் பள்ளிக்கூடங்களையும் வீடுகளையும் திறந்துவிட்டு நாள்கணக்கில் சோறு போட்டார்கள். சின்னம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எனக்கும் ஒருத்தன் இருந்தானே" என்றார்.

இனி விசா விஷயம். இதில்தான் நம்மவர்கள் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். லண்டனிலிருந்து டொராண்டோ போக அமெரிக்க நகரம் வழியாக மலிவு டிக்கெட் வரும். ஆசைப்படாதீர்கள். அமெரிக்காவில் விமானம் மாறுகிறவர்கள் உள்ளேயே உட்கார்ந்து மாற முடியாது. ஒவ்வொருவரும் குடிநுழைவைத் தாண்டி அந்த நாட்டுக்குள் நுழைந்துதான் அடுத்த விமானத்துக்குப் போக வேண்டும். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்கு அதற்கு விசா வேண்டும், 2 மணி நேரம் நிற்பதற்காக இருந்தாலும்! சிங்கப்பூர்க் கடப்பிதழ்க்காரர்கள் கணினி வழி அனுமதி எடுத்தால் போதும். கனடாவுக்குள் போகவும் இதே வித்தியாசம்தான்: மலேசியர்களுக்கு விசா வேண்டும், சிங்கப்பூரர்களுக்குக் கணினி அனுமதி. பிள்ளை கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வசிப்பிடமோ பெற்றிருந்தால் பெற்றோருக்கு 'சூப்பர் விசா' உண்டு, ஒரே தடவையில் 5 ஆண்டு வரை தங்கலாம். மருத்துவக் காப்புறுதி கட்டாயம்.

பிரிட்டனுக்குள் நுழைய மலேசியர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் முன்கூட்டியே கணினி வழி அனுமதி எடுக்க வேண்டும். ஹீத்ரூவில் வெளியே வராமல் உள்ளேயே விமானம் மாறுகிறவர்களுக்கு அதிலிருந்து விலக்கு. என் சின்னம்மாவை அனுப்பியது போல் பெட்டி எடுத்து, விமான நிலையம் மாற வைத்தால் விலக்கு கிடையாது. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

இடைவெளி எவ்வளவு வேண்டும்? ஒரே டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரத்துக்குக்கூடக் கொடுப்பார்கள். இளசுகள் ஓடிப் பிடித்துவிடுவார்கள். முழங்கால் வலியுள்ள பெரியவருக்கு 3, 4 மணி நேரம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. தவறினால் அன்றைக்கே அடுத்த விமானம் இருக்கிறதா? லண்டனிலிருந்து டொராண்டோவுக்கு ஒரு நாளில் பல விமானங்கள் போகின்றன. சிறிய ஊர் வழியாகப் போனால் அடுத்தது நாளைக்குத்தான் என்றாகிவிடலாம். பனிக்காலத்தில் இது இன்னும் மோசம்.

தாமதத்துக்கு நஷ்ட ஈடு உண்டா? பிரிட்டனிலிருந்தோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்தோ கிளம்பும் விமானம், நிறுவனத்தின் தவறால் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால், நீண்ட தூரப் பயணத்துக்கு ஐரோப்பாவில் 600 யூரோ வரையும் பிரிட்டனில் 520 பவுன் வரையும் கேட்கலாம். புயல், பனி போன்றவற்றுக்குக் கிடையாது. ஒரே டிக்கெட் என்றால் கடைசி ஊரில் எத்தனை மணிக்குச் சேர்ந்தோம் என்பதே கணக்கு. இரண்டு டிக்கெட் என்றால் இந்த வழியும் அடைபட்டுவிடும்.

அதற்காக எப்போதும் நேர் விமானம்தான் என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். நாலு பேர் குடும்பமாகப் போனால் ஆளுக்கு 1,200 வெள்ளி மிச்சம் என்பது சிறிய காசு இல்லை. சர்க்கரை நோய், கால் வீக்கம் உள்ளவர்களுக்கு நடுவில் இறங்கி நடப்பது உடம்புக்கும் நல்லதுதான். ஆனால் தேதி தவறக் கூடாத பயணங்கள் உண்டு: பிரசவம், கல்யாணம், கடைசியாக ஒரு முகத்தைப் பார்க்கப் போவது. அதற்கெல்லாம் சமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டுங்கள், முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே.

2025 ஜூனில் சின்னம்மா மறுபடி போனார். இந்தத் தடவை ஒரே டிக்கெட், ஹீத்ரூவிலேயே மாற்றம், 4 மணி நேர இடைவெளி, பெட்டி நேராக டொராண்டோவுக்கு. சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் வாங்கும்போதே சொல்லி வைத்தேன். அதற்குக் கட்டணம் இல்லை, 48 மணி நேரத்துக்கு முன் சொன்னால் போதும். மருந்துகளைக் கைப்பையில் வைத்தோம். முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதம். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. சின்னம்மா தள்ளுநாற்காலியில் ராணி மாதிரி போய் ஏறிவிட்டார்.

அடுத்த ஆண்டு மூன்றாவது தடவை போகப் போகிறார். "ஐயா, இந்த வாட்டி லண்டன்ல ரெண்டு நாள் தங்கிப் போற மாதிரி டிக்கெட் கிடைக்குமா?" என்று கேட்கிறார். எதற்கு சின்னம்மா என்றேன். "அந்தத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்த பிள்ளை இன்னும் அங்கேதான் வேலை செய்றானான்னு பாக்கணும். பேரு கேக்க மறந்துட்டேன்" என்றார். கேட்விக்கில் ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்பதாக இல்லை. ஒரே டிக்கெட்டில் நடுவே இரண்டு இரவு தங்கிப் போக வழி உண்டு, பிரிட்டன் அனுமதியும் எடுக்க வேண்டும். விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.