பாட்டுப் பெட்டிக்கும் மூச்சு முட்டும்!



உங்கள் வீட்டு முன்னறை அலுமாரியில் வீற்றிருக்கும் ஆம்பிளிபயர் ஒரு மணி நேரம் பாடி முடித்த பிறகு, அதன் மேல் மூடியில் கை வைத்துப் பார்த்ததுண்டா? பல வீடுகளில் அப்படித் தொட்டுப் பார்க்கவே முடியாது. மூடியின் மேல் பூவேலை செய்த துணி விரித்திருக்கும். துணியின் மேல் டி.வி.டி. பிளேயர். அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சாடி. பக்கத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாங்கிய வெற்றிக் கிண்ணம். இத்தனையையும் தலையில் சுமந்துகொண்டு, மூன்று பக்கமும் பலகை அடைத்த கூட்டுக்குள் இருந்து அது பாடவும் வேண்டும்!

கணவரோ, மகனோ, தம்பியோ கடல் கடந்து உழைத்து வாங்கி அனுப்பிய பொருள் அது. தூசி படக் கூடாது, கீறல் விழக் கூடாது என்ற அன்பினால்தான் போர்த்தி வைக்கிறோம். அந்தப் போர்வைதான் அதன் ஆயுளைக் குடிக்கிறது.

ஆம்பிளிபயர் சூடாவது கோளாறு அல்ல, அதன் இயல்பு. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரம் முழுவதையும் அது ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடுவதில்லை. வீடுகளில் நெடுங்காலமாக உள்ள ‘ஏபி’ வகைப் பெட்டிகளில், ஏட்டுக் கணக்கின்படியே நூற்றுக்கு எழுபத்தெட்டு பங்குக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகாது. அதுவும் முழுச் சத்தத்தில். நாம் சாதாரணமாகக் கேட்கும் சத்தத்தில் பாதிக்கு மேல் உள்ளேயே சூடாகத் தங்கிவிடுகிறது. பாட்டே இல்லாமல் சும்மா போட்டு வைத்திருந்தாலும் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது முழுக்கச் சூடுதான். ஸ்பீக்கருக்குப் போன பங்கிலும் நூற்றில் ஒன்று என்ற அளவே ஓசையாகிறது. மற்றதெல்லாம் அங்கேயும் சூடு. ஆக, அதைப் பாடத் தெரிந்த அடுப்பு என்றே சொல்லலாம்.

இன்னொரு வேடிக்கை. இவ்வகைப் பெட்டி மிக அதிகமாகச் சூடாவது முழுச் சத்தத்தில் அல்ல. ஒரே சீரான ஓசையைக் கொடுத்துச் சோதித்தால், முழுச் சக்தியில் ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டில். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 1974இல் ஒரு விதி கொண்டுவந்தது. ஆம்பிளிபயரின் வாட் அளவை விளம்பரம் செய்ய வேண்டுமானால், முதலில் அதன் சக்தியில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்பது அந்த விதி. பெட்டிகளுக்கு அது கடும் சோதனையாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் அந்தப் பங்கை எட்டில் ஒன்றாகத் தளர்த்தினார்கள்.

நம் பக்கத்தில் அட்டைப் பெட்டியின் மேல் ‘5000 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். பெட்டியின் பின்பக்கத் தகட்டைப் படித்துப் பாருங்கள். ‘மின்சாரம் 100 வாட்’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். நூறு வாட் உள்ளே போய் ஐயாயிரம் வாட் எப்படி வெளியே வரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! ஆனால் அந்த நூறு வாட்டும் சாதாரணமல்ல. பழைய அறுபது வாட் குண்டு பல்பைத் துணியால் மூடி வைக்க யாராவது துணிவார்களா?

இனி, இந்தச் சூட்டை நம் ஊர்ச் சூட்டோடு சேர்த்துப் பார்ப்போம். யாழ்ப்பாண நகரிலிருந்து வடமேற்கே சுமார் 15 கிலோமீற்றர் தொலைவில் உள்ள பண்டத்தரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1820ஆம் ஆண்டளவில் அமெரிக்க வைத்தியர் ஜான் ஸ்கடர் வந்து தங்கி மருத்துவம் பார்த்த பழைய ஊர். பக்கத்தில் சில்லாலை, வடக்கே மாதகல் கடற்கரை. சித்திரை நடுவாக்கில் அங்கே உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். சோளகக் காற்று அப்போது இன்னும் எழும்பியிருக்காது. ஓர் இலை அசையாது. பகலில் 33, 34 டிகிரி. ஆம்பிளிபயருக்கு ஆண்டிலேயே மோசமான காலம் அதுதான்.

ஏனென்று கேளுங்கள். பெட்டியின் சூடு எப்போதும் அறையின் சூட்டுக்கு மேல் ஏறுவது. லண்டனில் 20 டிகிரி அறையில் ஒரு செற் 30 டிகிரி ஏறினால் 50இல் நிற்கும். அதே செற், அதே பாட்டு, அதே சத்தம். சித்திரை மாதத்துப் பண்டத்தரிப்பில் 64. காற்றுப் புகாத அலுமாரிக்குள் வைத்தால் அதற்கும் மேல். “அங்கே அண்ணன் வீட்டில் பத்து வருஷம் பாடியது, இங்கே வந்து இரண்டே வருஷத்தில் ஊமையாகிவிட்டதே!” என்று அங்கலாய்ப்பவர்களுக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

மீதிப் பாதி கண்டென்சர் என்ற உருளைகளில் இருக்கிறது. உள்ளே ஈரமான ரசாயனம் உள்ள அந்த உருளைகள் சூட்டில் மெல்ல மெல்ல வறண்டு போகும். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது அவற்றுக்குரிய பொதுவான கணக்கு. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்த உருளை, 65 டிகிரியில் 8,000 மணி நேரமும், 75 டிகிரியில் 4,000 மணி நேரமும் உழைக்கும். தினமும் ஐந்து மணி நேரம் பாடினால், நான்கு வருடத்துக்கு மேல் தாங்க வேண்டியது இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். வித்தியாசம் வெறும் பத்து டிகிரி. ஒரு போர்வையின் கனம்! உறுமல் சத்தம் கேட்பதும், உருளையின் தலை உப்புவதும் அதன் அறிகுறிகள்.

டிரான்சிஸ்டரின் குணம் வேறு. அது சூடானால் கூடுதல் மின்சாரத்தை இழுக்கும். கூடுதல் மின்சாரம் கூடுதல் சூடு. அந்தச் சூடு இன்னும் கூடுதல் மின்சாரம். கோபக்காரர்கள் இருவர் வாய்த்தர்க்கம் செய்வது போல ஏறிக்கொண்டே போய் ஒரு நொடியில் வெடித்துவிடும். இதைத் தடுக்கத்தான் ஹீட் சிங்க் என்ற அலுமினியச் சிறகுகளை வைத்து, அதன்மேல் சூடறியும் ஒரு சிறு உறுப்பையும் ஒட்டியிருப்பார்கள். சிறகு என்னதான் பெரிதாக இருந்தாலும் அதைத் தழுவிச் செல்லக் காற்று வேண்டும்.

பழைய வால்வு ரேடியோக்கள் நினைவிருக்கிறதா? பாட்டி வீட்டில் சுவர்த் தட்டில் இருக்கும். அதன் முதுகில் ஓட்டை ஓட்டையாகப் போட்ட அட்டை ஒன்று இருக்கும். சூடு போவதற்காகவே அது. பெரியவர்கள் அதைச் சுவரோடு ஒட்டி வைக்க விட மாட்டார்கள். 1990இன் நடுவில் போர் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று போனது. அந்த அக்டோபரிலேயே நம் மக்கள் குடாநாட்டை விட்டு வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். அங்கே இருந்தவர்கள் பல வருடங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோ கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது மூன்று வாட் அளவுதான். அதில் ஊர் கூடிச் செய்தி கேட்டது! இதை ஏன் சொல்கிறேன் என்றால், காதுக்கு வேண்டியது கொஞ்சமே. சத்தம் இரண்டு மடங்காகக் காதில் படச் சக்தி ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். ‘பேஸ்’ திருகைக் கடைசி வரை முறுக்கி வைப்பதும் அப்படித்தான். கொஞ்சம் இறக்கினாலே பெட்டியின் சுமை வெகுவாக இறங்கிவிடும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அந்தத் துணியை எடுத்துவிடுங்கள். பெட்டியின் தலையில் எதையும் வைக்காதீர்கள். மேலேயும் முதுகுப் பக்கமும் ஒரு சாண் இடைவெளி, பக்கங்களில் நாலு விரல். சூடான காற்று மேலே எழும்பும், குளிர்ந்த காற்று கீழிருந்து புகும். குசினிப் புகைபோக்கியின் வேலையும் இதுதானே. அலுமாரியில்தான் வைத்தாக வேண்டும் என்றால் பின் பலகையைக் கழற்றிவிடுங்கள், அல்லது அதில் மேலும் கீழுமாக ஓட்டை போடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டருக்குப் பயன்படும் 12 வோல்ட் சின்ன ஃபேன் ஒன்றை மேல் ஓட்டையில், காற்றை வெளியே தள்ளும்படி பொருத்தினால் நல்லது. அதை 9 வோல்ட் அடாப்டரில் ஓடவிட்டால் இரைச்சலும் குறையும். கண்ணாடிக் கதவைப் பாடும் நேரத்தில் திறந்தே வையுங்கள்.

சூடு அளவோடு இருக்கிறதா என்று பார்க்க, ஈரமில்லாத கையை மேல் மூடியில் வையுங்கள். ஐந்து எண்ணும் வரை தாங்கினால் பயமில்லை. வைத்த உடனே கையை எடுக்கத் தோன்றினால் அணைத்துவிடுங்கள். மூடியைத் திறந்து உள்ளே மட்டும் கை வைக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த உருளைகளுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

வலிகாமத்துச் செம்மண் புழுதி சிறகுகளின் மேல் படிந்தால் அதுவும் ஒரு போர்வையே. மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெளித் துளைகளை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம். மாதகல் பக்கம் கடற்காற்று வீசும் வீடுகளில் ஸ்பீக்கர் வயர் முனைகள் பச்சை பூத்துவிடும். அவற்றைச் சுரண்டி இறுக்க வேண்டும். கதகதப்பைத் தேடிப் பல்லியும் எறும்பும் உள்ளே குடியேறும். துளையை அடைக்காமல், மெல்லிய வலை போட்டால் போதும்.

நோன்பு மாதத்தில் ஸஹர் வரை கிராஅத்தும் பயானும் மெதுவாக ஓடும். சத்தம் குறைவுதானே என்று விடிந்த பிறகும் அணைக்காமல் உறங்கிவிடுகிறோம். சும்மா இருந்தாலும் அது சூடாகும் என்று முன்பே சொன்னேன். ரிமோட்டில் அல்ல, சுவர் சுவிட்சில் அணைக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் செற் பற்றி ஒரு முக்கியமான செய்தி. கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், 60 சுழற்சி. சவூதியில் நெடுங்காலம் 127 வோல்ட்டும் இருந்தது, அங்கும் 60 சுழற்சி. இலங்கையில் 230 வோல்ட், 50 சுழற்சி. நேராகச் செருகினால் அந்தக் கணமே பெட்டி போய்விடும் என்பது பலருக்கும் தெரியும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வாங்கிப் போடுவார்கள். ஆனால் அந்த டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், சுழற்சியை மாற்றாது. 60 சுழற்சிக்கு மட்டும் செய்த பெட்டியின் உள் டிரான்ஸ்பார்மர் 50இல் கூடுதலாகச் சூடாகும். வாங்கி அனுப்புகிறவரிடம், பின் தகட்டில் ‘50/60’ என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் ‘கிளாஸ் டி’ வகையைக் கேட்டு வாங்கலாம். அது இழுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை ஸ்பீக்கருக்கே கொடுத்துவிடும். சூடு மிகக் குறைவு.

வீட்டுப் பெட்டிகள் பல உயிரை விடுவது நிக்காஹ் நாளில்தான்! நாகூர் ஹனீபாவின் பாட்டு வாசல் பந்தலுக்கும் கேட்க வேண்டுமென்று வீட்டு இளைஞர்கள் இன்னும் இரண்டு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து அதே முனையில் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு ஒன்றாகச் சேர்ந்தால் 4 ஓம்; பெட்டி இரட்டிப்பு மின்சாரம் கொடுத்தாக வேண்டும். காலையிலிருந்து இரவு வரை, வெயிலில், ஆள் நெரிசலில். பின் தகட்டில் ‘8 ஓம்’ என்று மட்டும் இருந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அன்றைக்கு ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுக்கும் வாடகை, பழுதுபார்க்கும் செலவைவிடக் குறைவு.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். டிரான்சிஸ்டர் மாற்றினால் அடியில் புது வெள்ளைப் பேஸ்டும் மைக்காத் தாளும் வைத்தீர்களா? சூடறியும் உறுப்பைத் திரும்ப ஹீட் சிங்க்கில் ஒட்டினீர்களா? இந்த இரண்டையும் விட்டுவிட்டால் அதே டிரான்சிஸ்டர் மறுபடியும் எரியும்.

பியூஸ் போனால் அதன் இடத்தில் செம்புக் கம்பியோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளோ சுற்றிவைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். திரைச்சீலையில் தீப்பிடிக்க அது ஒன்று போதும். பியூஸின் அளவு பெட்டியின் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போய், கூடுதலாக இரண்டு வாங்கித் தையல் மெஷின் லாச்சியில் போட்டு வையுங்கள்.