பேராசிரியர் இருக்கையும் அரசுப் பணமும்

பல்கலைக்கழக வழக்கில் ‘இருக்கை’ என்பது ஒரு பேராசிரியர் பதவியையும் அதனைத் தாங்கும் நிதியையும் சேர்த்துக் குறிக்கும். நன்கொடையாளர் ஒருவர் பெருந்தொகையை முதலாக வைப்பார். முதல் கரையாமல், அதன் வருவாயிலிருந்து ஊதியமும், உதவியாளர், நூல், பயணம் முதலிய செலவுகளும் நடைபெறும். வருகைதரு பேராசிரியர் பதவி இதனினும் எளியது. வேற்றிடத்து அறிஞர் ஒரு பருவமோ ஓராண்டோ கற்பித்துவிட்டுத் திரும்புவார்.

இப்பதவிகளுக்குப் பணம் தருபவர் யார் என்பது எத்துணை இன்றியமையாத வினா என்பதை நியூயார்க் நகரின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தின் வரலாறு காட்டுகிறது. 1841இல் ஆயர் ஜான் ஹியூஸ் தொடங்கிய இந்நிறுவனம், 1846இல் இயேசு சபையினரின் பொறுப்பிற்கு வந்தது. 1964இல் நியூயார்க் மாநில அரசு, மானிடவியற் கலைகளுக்கு ஆல்பர்ட் ஷ்வைட்ஸர் பெயரிலும், அறிவியலுக்கு ஐன்ஸ்டைன் பெயரிலும் சில இருக்கைகளை ஏற்படுத்தியது. ஓர் இருக்கைக்கு ஆண்டுக்கு 1,00,000 டாலர் வரை வழங்குவது திட்டம். அதில் ஒன்று ஃபோர்டாமுக்குக் கிடைத்தது. டொராண்டோவில் பணிபுரிந்த தகவல் தொடர்பு அறிஞர் மார்ஷல் மக்லூகனைப் பல்கலைக்கழகம் 1967–68 கல்வியாண்டுக்கு அழைத்தது.

இந்நிலையில், அப்பணத்தை ஃபோர்டாமுக்கு வழங்குதல் அரசியலமைப்புக்கு முரணானது என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் கருத்துரைத்தார். சமயப் பிரிவொன்றின் கட்டுப்பாட்டிலுள்ள கல்வி நிலையத்திற்கு நேராகவோ மறைமுகமாகவோ அரசுப் பணம் செல்லலாகாது என்பது அம்மாநிலச் சட்ட விதி. மக்லூகன் கற்பிக்க வந்தது சமயம் அன்று. ஆயினும் விதி பாடத்தோடு நில்லாமல் நிர்வாகத்தையும் நோக்கியது. பல்கலைக்கழகம் வாக்குத் தவறாமல், தன் சொந்த நிதியிலிருந்தே ஊதியம் வழங்கிற்று. (அவ்வாண்டின் இடையிலேயே மக்லூகன் மூளைக் கட்டிக்கான அறுவைச் சிகிச்சைக்கும் உள்ளாக நேர்ந்தது.) அவ்விதியை நீக்கிய புதிய அரசியலமைப்பு வரைவையும் 1967 நவம்பரில் வாக்காளர்கள் நிராகரித்தனர்.

ஃபோர்டாம் வேறு வழி தேடியது. அரசு உதவிக்குத் தகுதி பெறுவது எவ்வாறு என்று சட்ட அறிஞர்களைக் கொண்டு ஆராய்ந்தது. பின்னர் ஆட்சிக் குழுவில் துறவியல்லாதாரைப் பெரும்பான்மையாக்கியது. இயேசு சபை மரபைக் கைவிடவில்லை. ஒரு பேராசிரியர் பதவியில் எழுந்த சிக்கல் நிர்வாக அமைப்பையே மாற்றும் முயற்சியோடு இணைந்தது வியப்பிற்குரியதே.

நம் அரசியலமைப்பின் நோக்கு வேறு. சிறுபான்மையினர் நிர்வாகத்தில் உள்ளது என்பதைக் காரணமாக்கி ஒரு கல்வி நிறுவனத்திற்கு உதவி வழங்குவதில் பாகுபாடு காட்டலாகாது என்று 30(2) ஆம் பிரிவு கூறுகிறது. உதவி பெறும் நிறுவனத்தில், இசைவின்றி ஒருவரைச் சமயப் போதனைக்கு உட்படுத்தலாகாது என்பது 28(3) ஆம் பிரிவு.

தனியார் அறக்கட்டளைக்கு இத்தகைய சட்டத் தடை இல்லை. இடர் வேறு வகையில் வரும். ஆளைத் தெரிவு செய்யும் உரிமை பல்கலைக்கழகத்திற்கே உரியது என்று சாசனத்தில் தெளிவாக எழுதப்படாவிடில், நன்கொடையாளரின் விருப்பம் தலையிடக்கூடும். வருவாயில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்க்காவிடில், விலைவாசி உயர உயர ஊதியத்திற்குப் பணம் போதாமற்போகும். நிலையான பதவியாக எண்ணித் தொடங்கிய இருக்கை, ஒரு பருவ வருகைப் பதவியாகச் சுருங்குவது இதனாலும் நேரலாம்.